தூரக் காட்சிக்கு ஒரு ஜப்பான்காரி

படத்துக்கு ஆள் தேடித் தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை நான் முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்க முடியும். எடுக்கப்பட்டவர் உங்களை நினைத்துச் சந்தோஷப்படுவார். மற்ற எல்லாரும் வயிறெரிவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சில நாட்களில் நீங்கள் எடுத்த ஆளைப் பார்த்து உங்களுக்கே வயிறெரியும். அந்த நாளில் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். பள்ளிக்கூட நாடகங்களில் நான்தான் எப்போதும் கதாநாயகி. இருபத்திரண்டு வயதில் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினேன். தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கதை. வசனத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பேசினேன். திரும்பவும் பேசச் சொன்னார்கள். அறையில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன்.

"நல்லா நடிக்கிற. ஆனா தோட்டத்துப் பெண் மாதிரி இல்ல" என்றார்கள்.

"நான் தோட்டத்துப் பெண்தானே சேர்."

"அது சரி. ஆனா பாக்கிறவங்களுக்கு அப்படித் தோணாது."

கொழும்பு நடிகை ஒருத்தியை எடுத்தார்கள். நல்ல வெள்ளை. அவள் கைகால் முகமெல்லாம் பழுப்பு மாவு பூசினார்கள். கூடையை எப்படி நெற்றியில் மாட்டுவது, கொழுந்தை எப்படிக் கிள்ளுவது என்று அவளுக்குக் காட்டிக் கொடுக்க என்னை இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். காட்டிக் கொடுத்தேன். அவள் என்னிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டாள். அதுதான் இன்னும் எரிந்தது.

அந்த நாடகத்தில் ஒப்பனை செய்த வயதான மனிதர் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அடுத்தடுத்து இரண்டு மூன்று வேலைகளுக்கு அவர்தான் என்னைக் கூப்பிட்டார். ஒருநாள் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பழைய ஹாலிவுட் படங்களைப் போட்டுக் காட்டினார். அமெரிக்கச் சிப்பாய்க்கும் ஜப்பானியப் பெண்ணுக்கும் காதல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படிப்பட்ட கதைகள் பல வந்தன. அந்தப் பெண் கிமோனோ உடுத்திக் குனிந்து வணங்குவாள், பூப்போலப் பேசுவாள். ஆனால் ஜப்பான்காரி இல்லை.

"பாரு, கண்ணோரத்துல இழுத்து ஒட்டியிருக்கு" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். "இவ வெள்ளைக்காரி."

"ஏன், ஜப்பான்ல பொம்பளைங்களே இல்லையா?"

"இருக்காங்க. வெள்ளைக்காரன் வேற இனத்துப் பெண்ணக் காதலிக்கிறத அப்ப அங்க திரையில காட்ட ஒத்துக்க மாட்டாங்க. இப்படி வேஷம் போட்டா, கதையில ஜப்பான்காரி, கட்டிப்பிடிக்கிறது வெள்ளைக்காரி. யாருக்கும் பிரச்சினை இல்ல."

பிறகு வந்த சில படங்களில் நாயகியாக உண்மையான ஜப்பான்காரியே நடித்திருந்தாள். ஆனால் அவளுடைய ஊர்க்காரனாக வந்தவன் மஞ்சள் பூசிய வெள்ளைக்காரன். ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவைச் சாத்தியிருந்தார்கள். கொழும்பு நடிகையின் பழுப்பு மாவு எனக்கு ஞாபகம் வந்தது. அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்த பிறகு சொன்னார்: "எரிஞ்சா எரியட்டும், தப்பு இல்ல. எரியிற நேரத்துல மட்டும் ஒரு முடிவும் எடுத்துடாத."

நான் நடிகையாகவில்லை. மலைநாட்டுக்குப் படம் எடுக்க வரும் கூட்டங்களுக்கு ஆள் தேடித் தருபவளானேன். ரயில் பயணிகள் வேண்டும், கோயில் கூட்டம் வேண்டும், சாவு வீட்டில் ஒப்பாரி வைக்க ஆள் வேண்டும் என்பார்கள். என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் முடிக்கவில்லை. வேலையே ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு கூட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம் வந்தது. இணையத்தில் தொடராக வரும் படம். கதையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்கச் சிப்பாய், ஜப்பானில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண், காதல். நம் மலைதான் ஜப்பான். அங்கே தேயிலையை வேலி மாதிரி வரிசையாக உருட்டி வெட்டுவார்களாம். நம் செடிகள் அப்படி இல்லையே என்று கேட்டேன். பனி மூடினால் யாருக்குத் தெரியும் என்றார்கள். மலைக்கே வேஷம் கட்டியாகிவிட்டது.

இயக்குநர் நாற்பது வயதுப் பெண்மணி. பழைய படங்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர். "கண்ணை இழுத்து ஒட்டுகிற வேலை என் படத்தில் கிடையாது" என்று முதல் நாளே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். பழைய படமொன்றின் காட்சியை மடிக்கணினியில் போட்டுக் காட்டி, எது கூடாது என்று விளக்கினார். அவருடைய நாயகி உண்மையான ஜப்பானிய நடிகை. ஆனால் அந்த நடிகை இங்கே இருக்கப்போவது கொஞ்ச நாள். தூரத்திலிருந்தும் முதுகுப் பக்கத்திலிருந்தும் எடுக்கும் காட்சிகளில் அவளுக்குப் பதிலாக நடக்க ஒருத்தி வேண்டும். அதைத் தேடுவது என் வேலை.

தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் பெண்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். முகங்களை நான் பார்க்கவில்லை. நிற்பதையும் நடப்பதையும் பார்த்தேன். யோகமலர் என்ற பெண் தனியாகத் தெரிந்தாள். முப்பது வயது சொல்லலாம். நேரான முதுகு, நீண்ட கழுத்து. ஈரம் படாமலிருக்கப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கை முழங்காலுக்குக் கீழே வரை இறுக்கிச் சுற்றியிருந்தாள். அதனால் அடி சின்னதாக விழுந்தது. கிமோனோ உடுத்தியவளும் அப்படித்தானே நடக்க வேண்டும்?

"தங்கச்சி, படத்துல நடக்க வர்றியா?"

"என்ன அக்கா கேலி பண்றீங்களா?"

"மூஞ்சி தெரியாது. நடக்கணும், அவ்வளவுதான்."

"நடக்குறது நான்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வருகிறேன் என்றாள். பெரட்டுக் களத்தில் நின்ற மற்றப் பெண்களின் பார்வை மாறியதை நான் கவனித்தேன். அது எனக்குப் பழக்கம்.

முதல் நாள் காட்சியில் நாயகனான அமெரிக்க நடிகரே வந்திருந்தார். தேயிலைக்கு நடுவில் போகும் பாதையில் அவரும் யோகமலரும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். சாம்பல் நிறக் கிமோனோ, கொண்டை. திரும்பிப் பார்க்காத வரை அவள் ஜப்பான்காரிதான். நடந்தாள். ஒரே தடவையில் சரியாக வந்தது. இயக்குநர் கைதட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த காட்சிக்காகக் காத்திருந்தபோது மழை பிடித்தது. உதவியாளன் நாயகனுக்குக் குடை கொண்டு ஓடினான். அவர் அதைக் கையில் வாங்கி, விரித்து, யோகமலரின் தலைக்கு மேல் பிடித்தார். அவள் கூச்சத்தில் விலகினாள். அவர் குடையோடு கூடவே நகர்ந்தார். அவள் மறுபடி விலகினாள், அவர் மறுபடி நகர்ந்தார். கடைசியில் அவள் சிரித்துவிட்டாள். மேல் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்த தோட்டமே அதைப் பார்த்தது.

நானும் பார்த்தேன். பிள்ளைகளே, மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு எரிந்தது. இத்தனை வருஷம் இந்த மலைகளில் மழையில் நின்று எத்தனை பேருக்கு எத்தனை இடம் தேடிக் கொடுத்திருக்கிறேன்! ஒருவரும் என் தலைக்கு மேல் குடை பிடித்ததில்லை. ஒரே நாளில் இவளுக்குக் கிடைத்துவிட்டதே என்று தோன்றியது. அவளிடம் போய், "கொண்டை நனையாம பாத்துக்க" என்று கொஞ்சம் கறாராகவே சொன்னேன்.

மறுநாள் காலையில் யோகமலர் வரவில்லை.

அனுப்பிய வாகனம் வெறுமனே திரும்பி வந்தது. புருஷன் விடமாட்டேன் என்கிறாராம் என்று டிரைவர் சொன்னான். அன்றைக்குத்தான் முக்கியமான காட்சி. எதிர் மலையில் கேமராவை வைத்து, பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் பனிக்குள் இரண்டு பேர் சின்ன உருவங்களாக நடந்து போவதை எடுக்க வேண்டும். நாயகனுக்கும் நாயகிக்கும் அன்று ஓய்வு. இரண்டு பக்கமும் பதில் ஆட்கள்தான். பனி நல்ல கனமாக இறங்கியிருந்தது. அடுத்த நாள் வெயில் என்று போன் சொல்லிக்கொண்டிருந்தது.

கொழும்பிலிருந்து வந்திருந்த தயாரிப்பு நிர்வாகி நிஷாந்த என்னைப் பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் வேகமாகப் பேசினார். "அக்கே, மத்தியானத்துக்குள்ள வேற ஒருத்தி வேணும். அந்த உயரத்துல இந்தத் தோட்டத்துல இன்னொரு பொம்பளை இல்லையா?"

இருந்தாள். நான் பார்த்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் ஓடி வருவாள். எனக்கு அது மிகச் சுலபம். அதைவிட, யோகமலர் வீட்டோடு கிடக்கட்டும் என்று மனதின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலைக்கு அது இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பு தெரிந்ததால்தான் நான் நிதானித்தேன். முந்தின நாள் குடையைப் பார்த்த எரிச்சல் இன்னும் அணையவில்லை, அதை வைத்துக்கொண்டு நான் யாரையும் மாற்றக் கூடாது.

"நான் ஒருக்கா போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

"நேரம் இல்ல அக்கே!"

"பனி இருக்கு. வந்துடுறேன்."

ஆட்டோ பிடித்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு ஸ்டூலைப் போட்டு யோகமலரின் புருஷன் உட்கார்ந்திருந்தார். பெயர் சந்திரகுமார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அன்று லீவு போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். கோபத்திலும் மரியாதை போகவில்லை.

"வாங்க அக்கா. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"பொறவு குடிக்கிறேன் தம்பி. யோகமலர் எங்க?"

"உள்ளுக்கு இருக்கா. அவ வர மாட்டா."

"அவ சொல்றாளா, நீங்க சொல்றீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் முகம் சிவந்தது. ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். "அக்கா, நீங்க மூஞ்சி காட்ட மாட்டாங்கன்னு சொன்னீங்க. சரின்னு விட்டேன். மூஞ்சி காட்டாம என்னா செய்யப்போறாங்க? அந்தப் பழைய படத்துல அவன் அவளக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்குறானாமே? அங்க பேசிக்கிட்டத இவதான் வந்து சொன்னா."

"அது எப்பவோ எடுத்த படம் தம்பி. அந்த மாதிரி எடுக்க மாட்டோம்னு சொல்லத்தான் அந்தம்மா போட்டுக் காட்டினாங்க. இன்னைக்கு அந்த நடிகர் வரவே மாட்டாரு. அவருக்குப் பதிலா கொழும்புல இருந்து ஒரு பையன் வந்திருக்கான்."

சொன்ன பிறகுதான் என் புத்தி விழித்தது. "வெள்ளைக்காரன் போயி இப்ப கொழும்புப் பையனா?" என்றார்.

இந்த இடத்தில் உங்களில் பலர் 'சும்மா நடிப்புத்தானே' என்று சொல்வீர்கள். ஒருபோதும் சொல்லாதீர்கள். பொறாமைப்படுகிறவரிடம் அது வெறும் நடிப்பு என்று சொன்னால், அவருடைய வேதனையும் வெறுமனேதான் என்று சொன்னது மாதிரி. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவரே பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"அவன் கொடை பிடிச்சான் அக்கா. அவ விலகி விலகிப் போறா, அவன் விடாம வந்து பிடிக்கிறான். லயமே பாத்துச்சு. பேக்டரியில எல்லாரும் என்னையப் பாத்து, 'என்னா சந்திரன், நீ ஒரு நாளாச்சும் பிடிச்சிருக்கியா'ன்னு கேக்குறாங்க. நான் பிடிச்சதில்ல. மழையில நனைஞ்சுக்கிட்டுத்தான் அவ கொழுந்து எடுக்கிறா, நனைஞ்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வர்றா. கொடை பிடிக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல. அவனுக்குத் தோணிருச்சே."



"எனக்கும் எரிஞ்சுச்சு தம்பி" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

"அந்தக் கொடைக்குத்தான்."

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். நானும் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து யோகமலர் கதவோரத்துக்கு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சிரிங்க" என்றாள். "நான் அந்த ஆளோட நடக்க ஆசப்படல. அவரு பேரு கூட எனக்கு வாயில வராது. கொழுந்து எடுக்கிறப்ப என்னைய யாரு பாக்குறா? கூடையத்தான் பாக்குறாங்க. எத்தன கிலோன்னு பாக்குறாங்க. நேத்து நான் நடந்தேன், அந்தம்மா கை தட்டினாங்க. நான் நடந்ததுக்குத் தட்டினாங்க. அதுக்குத்தான் ஆசப்பட்டேன்."



நான் அவளை அப்போதே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வந்திருப்பாள். ஆனால் படக் கூட்டம் மறு வாரம் விமானம் ஏறிவிடும். அவள் இந்தக் காம்பராவில்தான் இருக்க வேண்டும், இந்த லயத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டு. ஓர் ஆளை எடுக்கும்போது படம் முடிந்த பிறகு அந்த ஆள் எங்கே போய் நிற்பார் என்பதையும் சேர்த்துத்தான் நாம் எடுக்கிறோம். சுவரில் சாய்ந்து நின்ற சந்திரகுமாரைப் பார்த்தேன். கூரைச் சட்டத்துக்குத் தலை இடிக்காமல் சற்றே குனிந்து நின்றார்.

"தம்பி, இப்பிடி வெளிய வந்து நேரா நில்லுங்க."

"எதுக்கு அக்கா?"

"சும்மா நில்லுங்களேன்."

வந்து நின்றார். நல்ல உயரம். அகலமான தோள்.

"உங்களுக்குச் சிப்பாய் சட்டை போட்டா என்ன?" என்றேன்.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு படப்பிடிப்பு இடத்துக்கு வந்ததும் நிஷாந்த தலையில் கைவைத்தார். "தோட்டத்து ஆள அமெரிக்கனாப் போடுறதா? பாக்கிறவங்க சிரிப்பாங்க அக்கே!"

"தோட்டத்துப் பொம்பளை ஜப்பான்காரி ஆகலாம். தோட்டத்து ஆம்பளை அமெரிக்கன் ஆகக் கூடாதா?" என்று கேட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கொழும்பு அறையில் இருபத்திரண்டு வயதில் மேற்கொண்டு பேசாமல் வந்தவள், அப்போதுதான் வாயைத் திறந்தாள் போலிருந்தது.

இயக்குநர் வந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். குடையை மட்டும் விட்டுவிட்டேன், அது சந்திரகுமாரின் சொந்த விஷயம். அவர் சந்திரகுமாரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவர் அவளைக் காதலிப்பவர் மாதிரி நடப்பாரா?"

"இவர் அவளுடைய புருஷன்."

"அது என் கேள்விக்குப் பதில் இல்லையே" என்று சிரித்தார். பிறகு பனியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உடையைப் போடுங்கள்."

அங்கே உடையோடு தயாராக நின்ற கொழும்புப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். அவனிடம் நானே போய்ப் பேசினேன். இன்னொரு காட்சியில் காவல் சிப்பாயாக நிற்க ஏற்பாடு செய்தேன். நின்றான். ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எல்லாருக்கும் நல்லவராக இருந்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

நடிப்பவர்களுக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்பதால், நான் வாக்கி டாக்கியோடு அவர்களுக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துகொண்டேன். எதிர் மலையில் கேமரா பனிக்குள் மறைந்திருந்தது. பாதையின் தொடக்கத்தில் சிப்பாய் உடையில் சந்திரகுமாரும் கிமோனோவில் யோகமலரும் நின்றார்கள். அவர் கையில் ஜப்பானியக் காகிதக் குடை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

"நடக்கச் சொல்" என்றது வாக்கி டாக்கி. சொன்னேன். நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் வாக்கி டாக்கி அலறியது. "சிப்பாய் ஏன் முன்னால் போகிறான்?"

"தம்பி, கூட நடங்க!" என்று கத்தினேன்.

"கூடத்தானே அக்கா நடக்குறேன்!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அவர் முன்னால் போய்விட்டார். அடுத்த தடவையும் அப்படியே. வாக்கி டாக்கிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிஷாந்தவாகத்தான் இருக்கும். சந்திரகுமாரின் கழுத்து விறைத்தது. எங்கே குடையைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். போனால் பனியும் போய்விடும், யோகமலரும் இனி எங்கேயும் நடக்கமாட்டாள், நான் காட்டும் ஆளை நம்பி எடுக்கலாம் என்ற பேரும் போய்விடும்.

"கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து இவரு இப்பிடித்தான் அக்கா" என்று யோகமலர் திரும்பாமலே என்னிடம் சொன்னாள். "கோயிலுக்குப் போனாலும் முன்னுக்கு, டவுனுக்குப் போனாலும் முன்னுக்கு. இவரு முதுகப் பாத்தே என் வயசு போயிருச்சு."

"பாதை சின்னதுடி. ரெண்டு பேரு எப்பிடி நடக்குறது?"

"அப்ப ஒட்டி நடங்க."

"எல்லாரும் பாக்குறாங்க."

"நேத்தும் எல்லாரும்தான் பாத்தாங்க."

தூறல் விழ ஆரம்பித்தது. வாக்கி டாக்கியில் நடக்கச் சொன்னார்கள். நான் சொல்வதற்கு முன்னாலேயே இருவரும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த முறை அவர் முன்னால் போகவில்லை. அவளுடைய சின்ன அடிக்குத் தன் நடையைக் குறுக்கிக்கொண்டார். பாதையின் நல்ல பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டுச் செடிகள் உரசும் ஓரத்தில் நடந்தார். குடையை விரித்தார். அது இருவருக்கும் போதாது. அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவருடைய தோளும் முதுகும் நனைந்து சட்டை கருத்துக்கொண்டே போனது. பனி அவர்களை மெல்ல மூடியது.

வாக்கி டாக்கியில் இயக்குநரின் குரல் வந்தது. "நிறுத்த வேண்டாம். போகட்டும் விடு."

அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டு நான் செடிக்குள்ளேயே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதோடு எரியவும் செய்தது. முந்தின நாளைவிட அதிகமாகவே எரிந்தது. முந்தின நாள் பிடிக்கப்பட்டது மரியாதைக்கான குடை. அது போகிறவர் வருகிறவர் யாரிடமும் கிடைக்கும். இன்றைய குடை அப்படி இல்லை.

தொடர் வெளிவந்தபோது நான் வேலையை விட்டிருந்தேன். யோகமலர் போன் பண்ணினாள். "அக்கா, வாங்க, சேந்து பாப்போம்." போனேன். காம்பராவுக்குள் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தோம். நெட்வொர்க் இழுத்து இழுத்து வந்தது. அந்தக் காட்சி வந்தது. பனி, தேயிலை, எறும்பு மாதிரி இரண்டு உருவம், ஒரு குடை. யோகமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நடையைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அடுத்த கணம் படம் கிட்டத்தில் வந்தது. குடைக்குள் அமெரிக்க நடிகரின் முகம். அவர் திரும்பி ஜப்பானிய நடிகையைப் பார்க்கிறார். எங்கேயோ ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குள் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நல்ல நடிகர். கண்ணிலேயே எல்லாம் இருந்தது.

சந்திரகுமார் போனை நிறுத்தினார். காட்சியைப் பின்னால் தள்ளித் திரும்பப் போட்டார். மறுபடியும் அந்த முகம் வந்ததும் நிறுத்தினார்.

"நடந்தது நான். கொடை பிடிச்சது நான்" என்றார் என்னிடம். "அந்த எடத்துல நானும்தான் அக்கா திரும்பி இவளப் பாத்தேன். அத ஏன் யாரும் எடுக்கல?"

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்த கேமராவுக்கு முகம் தெரியாது. பின்னால் செடிக்குள் இருந்த எனக்கு முதுகுதான் தெரிந்தது. அவர் பார்த்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

யோகமலர் அவர் கையிலிருந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் பாத்தேன்ல" என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டது போலிருந்தது.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். தலவாக்கலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். நேரமாகவில்லை. அங்கே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.